ஏத்தத்தில் வேன் இழுக்கவில்லை, பிழைக் கோட் பிரஷர் சென்சரைக் காட்டுகிறது: மாற்றலாமா?

ஜூன் 3, இரவு 8.40: கினிகத்தேன வேன்

டொயோட்டா கேடிஎச் வேன், 2கேடி டீசல் எஞ்சின், மெனுவல் கியர். இலங்கை மலைநாட்டில் கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது, ஆள் நிறைந்திருந்தால் மூன்றாவது கியரில் திடீரென்று இழுவை விழுகிறது. சில நேரம் செக் லைட் எரிகிறது, சில நேரம் எரியாமலே இழுவை மட்டும் போகிறது. ஓரங்கட்டி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் சரி. இறக்கத்திலும் சமதரையிலும் ஒரு குறையும் இல்லை. ஸ்கேனரில் வந்த பிழைக் கோட் பி0193. ரெயில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைத் தேக்கித் தரும் குழாய், அதன் பிரஷர் சென்சர் போய்விட்டது என்கிறார் கராஜ் பாஸ் (மெக்கானிக்). புதுசு வாங்கவா, பழைய வண்டியில் கழற்றிய சாமான் போதுமா?

ஜூன் 3, இரவு 9.15: ஹட்டன் வயரிங்

இன்னும் எதையும் வாங்காதீங்க அண்ணே. பி0193 என்றால் சென்சரிலிருந்து ஈசியுவுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) போகும் சிக்னல் இருக்க வேண்டியதை விட உயரத்தில் நிற்கிறது என்றுதான் பொருள். சென்சர் கெட்டாலும் அது வரும். சிக்னல் வயர் அறுந்தாலும் வரும், ஏர்த் (மைனஸ்) வயர் அறுந்தாலும் வரும், சொக்கட்டில் ஒரு பின் பின்னுக்குத் தள்ளியிருந்தாலும் வரும். நாலுக்கும் ஒரே கோட்.

அந்தப் பிழைக் குறியீட்டை அழிக்கும் முன்னே ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பாருங்க. கோட் விழுந்த நேரத்தில் ரெயில் பிரஷர் எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். இந்த எஞ்சின் முழு சுமையில் போனாலும் 160 மெகாபாஸ்கல் பக்கம்தான். பதிவில் 200க்கு மேல் நின்றால் அது டீசலின் அழுத்தம் இல்லை, வயரில் வந்த பொய் எண்.

ஜூன் 3, இரவு 9.50: கினிகத்தேன வேன்

பார்த்தேன். 240 சொச்சம் காட்டுகிறது. ஆர்பிஎம் 2300.

ஜூன் 3, இரவு 10.20: ஹட்டன் வயரிங்

அப்போ சர்க்கிட் பக்கம்தான். நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன், இதே வரிசையில் போங்க.

முதலில் பூஜ்ஜியம், அதாவது அழுத்தமே இல்லாதபோது சென்சர் என்ன சொல்கிறது என்பது. எஞ்சினை நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ரெயிலில் தங்கின அழுத்தம் இறங்கட்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் போட்டு மல்டிமீற்றரை 20 வோல்ட் டீசியில் வையுங்க. சொக்கட்டைக் கழற்ற வேண்டாம். வயர் நுழையும் ரப்பர் சீல் பக்கமாக மெல்லிய ஊசியை பின்னின் முதுகில் தொடும்படி நுழைத்தால் போதும். வயரின் தோலைக் குத்தாதீங்க. குத்தின ஓட்டையில் மழைத் தண்ணி இறங்கினால் நாலு மாதத்தில் செம்பு பச்சை பூத்துவிடும்.

மூன்று வயரில் ஒன்று 5 வோல்ட் ஊட்டம், ஒன்று சிக்னல், ஒன்று ஏர்த். ஊட்டம் 4.9க்கும் 5.1க்கும் இடையில் இருக்கணும். டென்சோ ரெயில் சென்சரில் அழுத்தம் இல்லாதபோது சிக்னல் 1.0 வோல்ட், 160 மெகாபாஸ்கலில் 3.56. அதாவது ஒவ்வொரு மெகாபாஸ்கலுக்கும் 0.016 வோல்ட் ஏறும். சும்மா ஓடும்போது 30 மெகாபாஸ்கல் என்றால் மீற்றரில் 1.48 வரணும். 1.3 முதல் 1.8 வரை வந்தால் கவலை இல்லை.

ஆறு பின் உள்ள சொக்கட் என்றால் மிரளாதீங்க. ஒரே உடம்புக்குள் இரண்டு சென்சர், மும்மூன்று வயர். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்க. ஒன்றில் மட்டும் கோளாறு இருந்தால் மற்றது உங்களுக்கு அளவுகோல்.

ஜூன் 3, இரவு 10.32: ஹட்டன் வயரிங்

முக்கியமானதை விட்டுவிட்டேன். எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பின் நட்டை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. பழைய பம்ப் லொறியில் நொசலை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம், ஒரே ரெயிலில் உயர் அழுத்தம் நிற்கும் காமன் ரெயில் எஞ்சினுக்கு ஆகாது. ஊசிமுனை அளவு கசிவு கூடத் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிசாக இருக்காது. அப்படி ஆனால் மருந்து பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். கசிவைத் தேடுவதென்றால் கையால் தடவாமல் அட்டைத் துண்டைப் பிடியுங்க.

ஜூன் 4, காலை 6.05: டிக்கோயா டீசல்

கோட் வராமலும் இழுவை விழுகிறது என்கிறாரே, அதைக் கவனிக்கணும். பில்டர் அடைப்பாக இருக்கலாம். ஏத்தத்தில் மட்டும் இழுக்காத வண்டியில் பாதிக்கு மேல் பில்டரும், டாங்கிலிருந்து வரும் பைப்பில் காற்று இழுப்பதும்தான். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பீப்பாயிலும் கேனிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றின வண்டிகளின் டாங்கில் துருவும் தண்ணியும் இன்னும் கிடக்கிறது. பில்டர் அடி வடிகாலைத் திறந்து அரைக் கோப்பை கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்க. பத்து நிமிஷத்தில் தண்ணி அடியில் பிரிந்து நிற்கும்.

ஜூன் 4, காலை 7.10: ஹட்டன் வயரிங்

பில்டரைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பில்டர் அடைப்பையும் சென்சர் பொய்யையும் பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கு. இதைக் கவனிக்காததால்தான் நல்ல பம்பையும் நல்ல சென்சரையும் கழற்றி எறிகிறார்கள்.

ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்க: ஈசியு கேட்கும் அழுத்தம், உண்மையில் இருப்பதாகச் சென்சர் சொல்லும் அழுத்தம். பில்டர் அடைத்திருந்தாலோ, பம்ப் தேய்ந்திருந்தாலோ, இன்ஜெக்டர் ரிட்டர்னில் (மிச்ச டீசல் டாங்குக்குத் திரும்பும் வழி) அதிகம் விட்டாலோ, ஏத்தத்தில் கேட்பது 120, கிடைப்பது 85 என்று பிரிந்து போகும். அங்கே சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. அதை மாற்றினால் காசு நட்டம், வேறொன்றும் நடக்காது.

சென்சர் பொய் சொன்னால் நிலைமை தலைகீழ். அது 15 மெகாபாஸ்கல் கூட்டிச் சொல்கிறது என்று வையுங்க. ஈசியு அதை நம்பி, பம்புக்குள் போகும் டீசலை எஸ்சிவி வால்வால் குறைத்துவிடும். ஸ்கேனரில் கேட்பதும் கிடைப்பதும் அச்சு அசலாக ஒன்றாக நிற்கும், வண்டியோ இழுக்காது. எண் பொருந்துகிறது என்பதால் டீசல் பக்கம் சுத்தம் என்று முடிவு கட்டி டர்போவைக் கழற்றப் போவார்கள். குறைத்துச் சொன்னால் எஞ்சின் சத்தம் கடுமையாகும், டொக் டொக் என்று அடிக்கும், உள்ளே உண்மை அழுத்தம் எல்லை தாண்டி ஏறும்.

அதனால்தான் பூஜ்ஜியத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். ரெயிலில் அழுத்தமே இல்லாத நேரம் ஒன்றில்தான் உண்மை எவ்வளவு என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஜூன் 4, காலை 7.25: டிக்கோயா டீசல்

சரிதான். ஒன்று சேர்க்கிறேன்: 1.0 என்பது டென்சோ கம்பெனி சென்சரின் கணக்கு. போஷ் ரெயில் சென்சர் பூஜ்ஜியத்தில் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5. இந்திய லொறிகளில் போஷ் நிறைய. இரண்டையும் குழப்பினால் நல்ல போஷ் சென்சர் குறைவாகக் காட்டுகிறது என்று தோன்றிவிடும். உடம்பில் பொறித்த பெயரையும் பார்ட் நம்பரையும் பார்த்துவிட்டு அளக்கத் தொடங்குங்க.

ஜூன் 4, பகல் 1.30: ராகலை லொறி

மேலே காற்று அழுத்தம் குறைவு, அதனால் பிரஷர் சென்சர் மலையில் தப்பாகக் காட்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

ஜூன் 4, பகல் 1.55: ஹட்டன் வயரிங்

இந்தச் சென்சருக்கு இல்லை. கடல் மட்டத்துக்கும் 1868 மீற்றரில் உள்ள நுவரெலியாவுக்கும் காற்றழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல், அதாவது 0.02 மெகாபாஸ்கல். ரெயிலில் நாம் பேசுவது 30, 100, 160. மீற்றரில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. காற்றுக் குறைவு, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் டர்போ பக்கத்து மெப் சென்சருக்குப் பொருந்தும். அதில் சாவி ஒன் போட்டால் அந்தந்த ஊர்க் காற்றழுத்தம் தெரியணும்: கொழும்பில் 100 கிலோபாஸ்கல் பக்கம், நுவரெலியாவில் 80 பக்கம். அங்கேயும் 100 என்று நின்றால் மெப் சென்சரைச் சந்தேகப்படுங்க.

ஜூன் 4, மாலை 6.20: கினிகத்தேன வேன்

முன் சீட்டைத் தூக்கி அளந்தேன். மூன்று பின்தான். ஊட்டம் 5.02. எஞ்சின் நிறுத்திய நிலையில் சிக்னல் 1.24. ஸ்கேனரில் 15 மெகாபாஸ்கல். வண்டி நின்று முக்கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. அப்போ சென்சர்தானே?

ஜூன் 4, மாலை 6.45: ஹட்டன் வயரிங்

அவசரப்படாதீங்க. மீற்றரின் கறுப்பு முனையை எங்கே வைத்தீங்க? பற்றரி மைனஸிலா, சென்சரின் ஏர்த் பின்னிலா?

ஜூன் 4, மாலை 6.50: கினிகத்தேன வேன்

பற்றரி மைனஸில்.

ஜூன் 4, மாலை 7.05: ஹட்டன் வயரிங்

இப்போ கறுப்பை அங்கேயே விட்டு, சிவப்பை சென்சரின் ஏர்த் பின்னில் வையுங்க. சாவி ஒன். நல்ல ஏர்த்தில் 0.05 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. மேலே வந்தால் அந்த அளவுக்குச் சென்சர் தரையை விட்டு மேலே மிதக்கிறது, சிக்னலும் சேர்ந்து ஏறும். சென்சர் நல்லதாக இருந்தும் பொய் சொல்லும்.

ஜூன் 4, மாலை 7.30: கினிகத்தேன வேன்

0.31 வருகிறது. வயர்க்கட்டைப் பிடித்து அசைத்தால் 0.1 ஆகிறது, பிறகு 0.6க்கு ஏறுகிறது.

ஜூன் 4, மாலை 7.40: ஹட்டன் வயரிங்

கிடைத்துவிட்டது. சென்சரை விடுங்க, ஏர்த் வயர் உள்ளே அறுந்து ஒன்றிரண்டு இழையில் தொங்குகிறது. அந்த 0.31 தான் சிக்னலில் ஏறி 1.31 ஆகியிருக்கணும், உங்கள் மீற்றர் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது.

ஜூன் 4, இரவு 9.10: ஹட்டன் வயரிங்

மேலே எழுதின கணக்கைத் திருத்துகிறேன், மீற்றர் சரியாகத்தான் காட்டியது. ஏர்த் 0.31 ஏறினால் சென்சருக்குக் கிடைக்கும் ஊட்டமும் அதே அளவு குறைந்து 4.7 ஆகிறது. பூஜ்ஜியத்தில் சென்சர் தருவது தன் ஊட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.94. அதோடு 0.31 சேர்த்தால் 1.25. அவர் அளந்தது 1.24. வேறு எந்தக் கோளாறும் இல்லை, சென்சர் சுத்தம் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

செக் லைட் எரியாமல் இழுவை விழுந்த காரணமும் இதில் இருக்கு. ஏர்த்தில் தடை கொஞ்சம் ஏறும்போது ஈசியு அழுத்தம் கூடிவிட்டது என்று எண்ணி பம்பைக் குறைக்கும்; சிக்னல் இன்னும் எல்லைக்குள் இருப்பதால் கோட் விழாது. வயர் முழுசாக விடும் கணத்தில் சிக்னல் 5 வோல்ட்டை ஒட்டிப் போகும், அப்போ பி0193. ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த 240 அதுதான்.

ஏத்தத்தில் மட்டும் ஏன் என்றால், பாரத்தோடு மூன்றாவது கியரில் இழுக்கும்போது எஞ்சின், தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் ஒரு பக்கம் சாயும். மவுண்டிங் ரப்பர் தொய்ந்திருந்தால் சாய்வு கூடும், எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் வயர்க்கட்டு இழுபடும். அறுந்த இழை அந்த இழுப்பில்தான் பிரிகிறது. அண்ணே, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விடட்டும், நீங்க பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு தூக்குகிறது என்று பாருங்க. சக்கரத்துக்குக் கட்டை வையுங்க, வண்டிக்கு முன்னே ஒருவரும் நிற்க வேண்டாம்.

ஜூன் 5, காலை 5.50: டிக்கோயா டீசல்

பில்டர் என்று நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், இந்த வண்டிக்கு மட்டும். கேட்பதும் கிடைப்பதும் பிரிந்து போகும் வண்டிக்கு நான் பார்க்கும் வரிசையையும் எழுதி வைக்கிறேன், அடுத்து வருபவருக்கு ஆகும்.

பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் ஓஸ் ஒரு முழம் போட்டு 2500 ஆர்பிஎம்மில் பார்ப்பேன். குமிழ் தொடர்ந்து ஓடினால் டாங்கிலிருந்து பில்டர் வரை எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் ஹேண்ட் பம்பின் சீல் அல்லது துருப்பிடித்த பைப். குமிழ் இல்லை என்றால் எஸ்சிவி: சொக்கட்டைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் இடையே 20 பாகையில் 1.9 முதல் 2.3 ஓம். ஓம் சரியாக இருந்தும் உள்ளே ஊசி ஒட்டிக்கொள்ளும், அப்போ ஐடிலில் (சும்மா ஓடும்போது) அழுத்தம் அலைபாயும். பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன்: நாலு சின்னப் போத்தல், நாலு ஓஸ், சூடான எஞ்சின், ஐடிலில் மூன்று நிமிஷம். நாலும் ஏறத்தாழ சமமாக நிற்கணும். ஒன்று மட்டும் மற்றதைப் போல இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டரிலிருந்துதான் அழுத்தம் ஓடுகிறது. இதெல்லாம் சரி என்றால்தான் பம்ப். காசு கூடின சாமான் கடைசியில்.

ஜூன் 5, பகல் 12.15: கோத்தகிரி

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது, அதனால் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பேன். எங்க கார் சீஎன்ஜி (அழுத்திய இயற்கை வாயு). கோயம்புத்தூரில் 200 பாருக்கு நிரப்பிக்கொண்டு மேலே வந்தால் காலையில் 175தான் காட்டுகிறது. கசிவு இல்லை என்று வொர்க்‌ஷாப்பில் பார்த்தாச்சு. பிரஷர் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். இதற்கும் பூஜ்ஜியம் பார்க்க முடியுமா?

ஜூன் 5, பகல் 1.40: ஹட்டன் வயரிங்

எங்கள் பக்கம் சீஎன்ஜி வண்டி ஓடுவதில்லை. ஆனால் சென்சர் பெரும்பாலும் அதே மூன்று வயர் இனம்தான், பார்க்கும் முறையும் அதே.

முதலில் 175 பற்றி. வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகும். 45 பாகையில் 200 பார் இருந்தது கோத்தகிரிக் குளிரில் 12 பாகைக்கு இறங்கினால், வாயு ஒரு துளி குறையாமலே 180க்குக் கீழே வந்துவிடும். பாகையோடு 273 கூட்டினால் 318ல் 285 பங்கு, அதுதான் சூத்திரம். இயற்கை வாயு அந்த அழுத்தத்தில் சூத்திரத்தை விட இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கும். ஓடித் தீர்ந்த வாயு வேறு. அதனால் 175 என்ற எண்ணை மட்டும் வைத்துச் சென்சர் கெட்டது என்று சொல்ல முடியாது.

பூஜ்ஜியமும் பார்க்கலாம், எதையும் கழற்றாமல். சிலிண்டர் வாயில் உள்ள கைவால்வை மூடிவிட்டு காரை வாயுவிலேயே ஓட விடுங்க. பைப்பில் இருக்கும் வாயு தீர்ந்ததும் தானாகப் பெட்ரோலுக்கு மாறும். ரெகுலேட்டரில் உள்ள ஹை பிரஷர் சென்சர் அப்போ பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கியிருக்கணும். 20, 30 என்று தொங்கினால் முதலில் ஏர்த், அடுத்துதான் சென்சர். பிறகு வால்வை மெல்ல மெல்லத் திறங்க, ஒரே அடியாகத் திறந்தால் ரெகுலேட்டரில் அடி விழும்.

ஜூன் 5, பகல் 1.52: ஹட்டன் வயரிங்

இன்னும் இரண்டு. வாயு விரியும்போது குளிர்ந்து ரெகுலேட்டர் உறையும், அதைச் சூடாக வைப்பது ரேடியேட்டர் தண்ணி. தண்ணி குறைந்தாலோ, ஓஸ் அடைத்தாலோ ஏத்தத்தில் வெளியேறும் அழுத்தம் விழும், கோட் சென்சரின் பெயரில் வரும். ரெகுலேட்டரில் உறைபனி படிந்திருந்தால் அங்கே பாருங்க. ஹை பிரஷர் பைப் இணைப்பை மட்டும் நீங்களும் கழற்றாதீங்க, தெரிந்த பையனையும் கழற்ற விடாதீங்க, அனுமதி உள்ள இடத்துக்கே போங்க. சிலிண்டருக்கு உங்கள் நாட்டில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதனை இருக்கு, தேதியைப் பாருங்க.

ஜூன் 6, மாலை 5.30: கினிகத்தேன வேன்

டேப்பைப் பிரித்தேன். எஞ்சின் மேலிருந்து வரும் கட்டு ஒரு இரும்பு பிரக்கெட்டைச் சுற்றி வளையும் இடத்தில் ஏர்த் வயரின் தோல் முழுசாக இருக்கு, விரலால் அழுத்தினால் மட்டும் உள்ளே வெற்றாக அமுங்குகிறது. வெட்டிப் பார்த்தால் செம்பு கறுத்து, மூன்று இழைதான் மிச்சம். வலது பக்க மவுண்டிங் ரப்பரும் பிளந்திருக்கு. வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

ஜூன் 6, மாலை 6.10: ஹட்டன் வயரிங்

போதாது. கறுத்த செம்பு எவ்வளவு தூரம் போயிருக்கோ அவ்வளவையும் வெட்டுங்க, பளபளப்பான செம்பு வரும் வரை. அதே தடிப்பில் புது வயர் ஒரு சாண் சேர்த்து, பட் கிரிம்ப் (இரு முனைகளையும் நசுக்கி இணைக்கும் குழல்) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) ஏற்றிச் சூடாக்குங்க. ஈயம் வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். மூட்டு வளைவில் வராமல் நேரான இடத்தில் வரட்டும், ஒரு கை அகலத்துக்குத் தொய்வும் விடுங்க. பக்கத்து இரண்டு வயரையும் அதே வளைவில் அழுத்திப் பாருங்க, ஒன்று போயிருந்தால் மற்றது பின்னால் வரும்.

மவுண்டிங்கை மாற்றாமல் வயரை மட்டும் சேர்த்தால் அடுத்த மழைக்குள் மறுபடி இங்கேயே வருவீங்க.

ஜூன் 8, இரவு 7.55: கினிகத்தேன வேன்

மவுண்டிங் இரண்டும் புதுசு. ஏர்த்தில் 0.02. எஞ்சின் நிறுத்தி 1.01, ஐடிலில் 1.49. பதினாலு பேரோடு கித்துல்கலையிலிருந்து ஏறினேன், மூன்றாவது கியரில் கேட்பதும் கிடைப்பதும் 118, 117 என்று சேர்ந்தே வந்தது, இழுவையும் இருந்தது. இடையில் வாங்கி வைத்த சென்சரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பெட்டி பிரிக்காததால் எடுத்துக்கொண்டார்கள்.